எலும்புக்குள் சென்சார்: கேள்வி பதில்

சென்சார் வைத்த மூட்டு, பிளேட், ராடு பற்றிய கேள்விகள் மட்டும். எந்த டாக்டர், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்.

தேன்மொழி: அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றப்போகிறோம். ஸ்மார்ட் மூட்டு வைத்தால், மூட்டு தளரும்போது அதுவே சொல்லிவிடுமாமே?

சொல்லாது. 2021 ஆகஸ்டில் அமெரிக்க எஃப்.டி.ஏ. (மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பு) அனுமதித்த பெர்சோனா ஐ.க்யூ. என்ற ஸ்மார்ட் முழங்கால் மூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்க்கால் எலும்புக்குள் இறங்கும் தண்டில் முடுக்கமானி (வேக மாற்றத்தை அளப்பது), கைரோஸ்கோப் (திரும்புவதை அளப்பது), பேட்டரி ஆகியவை இருக்கின்றன. எத்தனை அடி நடந்தார், என்ன வேகம், ஓர் அடியின் நீளம் எவ்வளவு, முட்டி எவ்வளவு மடங்குகிறது என்பதைக் கணக்கிட்டு, வீட்டில் வைத்திருக்கும் பெட்டிக்கு அனுப்பும். எலும்போடு பிடிப்பு விட்டதா, கிருமி புகுந்ததா என்று அளக்கும் சென்சார் அதில் இல்லை. நடை மெதுவானதற்கு மூட்டுத் தளர்வும் காரணமாக இருக்கலாம், முதுகுவலியும் காரணமாக இருக்கலாம்.

காயத்தில் கசிவு, சிவப்பு, சூடு, காய்ச்சல், திடீர் வலி, இவற்றில் எது வந்தாலும் போனில் உள்ள வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கே சர்ஜனிடம் போங்கள்.

குமரன்: அடிகளை வாட்ச்கூட எண்ணுகிறதே?

அடி எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் வாட்ச் போதும். முட்டி மடங்குவது மணிக்கட்டுக்குத் தெரியாது.

பிரபு: மருத்துவக் கருவிப் பொறியியல் படிக்கிறேன். எலும்பு சேர்வதைப் பிளேட்டே அளக்க முடியுமா?

இந்தத் துறையில் முதலில் பலன் தரப்போவது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

தொடை எலும்பு முறிந்து பிளேட் போட்ட புதிதில் பாரம் பெரும்பாலும் பிளேட்டின் மேல்தான். ஒவ்வோர் அடிக்கும் அது மிகச் சிறிதளவு வளையும். முறிவில் கேலஸ் (முறிவை இணைக்க வளரும் புது எலும்புத் திசு) வளர்ந்து கெட்டிப்பட, பாரம் எலும்புக்கு மாறும், பிளேட்டின் வளைவு குறையும். ஸ்ட்ரெயின் கேஜ் (உலோகம் நீள்வதையும் வளைவதையும் அளக்கும் சிறு சென்சார்) வைத்து வாரா வாரம் குறித்தால் கோடு இறங்கிக்கொண்டே வரவேண்டும். மாதக்கணக்கில் இறங்காமல் நின்றால் எலும்பு சேரவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். திடீரென்று எகிறினாலோ விழுந்தாலோ ஸ்க்ரூ தளர்வு, பிளேட்டில் விரிசல், கேஜே பழுது, மூன்றையும் பார்க்க வேண்டும். கேலஸில் கால்சியம் போதுமான அளவு படிந்த பிறகே எக்ஸ்ரேயில் தெரியும். விறைப்பு கூடுவது அதற்கு முன்பே தொடங்கிவிடும். சுவிட்சர்லாந்தின் டாவோஸில் உள்ள ஏ.ஓ. ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ஃப்ராக்சர் மானிட்டர் இந்தத் தத்துவத்தில்தான் இயங்குகிறது.

செய்யும்போது மூன்று இடத்தில் தவறு நேரும். கேஜை ஸ்க்ரூ ஓட்டையின் விளிம்பில் ஒட்டினால் அங்கே குவியும் அழுத்தத்தைத்தான் அளப்பீர்கள். முறிவின் இருபுறமும் அதற்கு மிக அருகில் உள்ள ஸ்க்ரூக்களுக்கு நடுவே வையுங்கள். ஒற்றைக் கேஜ் வெப்பத்துக்கும் அசையும். நான்கு கேஜ் கொண்ட முழு பிரிட்ஜ் (வெப்பத்தின் விளைவு தானே கழிந்துபோகும் மின்சுற்று) போடுங்கள். மூன்றாவதுதான் அதிகம் ஏமாற்றும்: நோயாளி வலிக்குப் பயந்து காலை மெதுவாக ஊன்றினாலும் கோடு இறங்கும். எலும்பு சேர்ந்த மாதிரியே தெரியும். அதனால் ஒவ்வொரு முறையும் எடை பார்க்கும் மெஷினில் அந்தக் காலை ஊன்றி, சர்ஜன் அனுமதித்த அதே கிலோ வந்ததும் அளவெடுக்க வேண்டும். பாரம் தெரியாத ஸ்ட்ரெயின் எண் வெறும் எண்தான்.

மாறன்: பேட்டரி எதற்கு? நடக்கும்போது விழும் பாரத்திலிருந்தே பீசோ (அழுத்தினால் மின்சாரம் தரும் பீங்கான்) வைத்து மின்சாரம் எடுக்கலாமே. பேட்டரி தீர்ந்தால் காலைத் திறப்பார்களா?

திறக்க மாட்டார்கள். சென்சார் நின்றுபோகும், மூட்டு வழக்கம்போல் வேலை செய்யும். பீசோவுக்கு வருவோம். சாதாரண நடையில் முழங்காலில் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு விசை விழுகிறது. விசை பெரிது, ஆனால் பீங்கான் அமுங்குவது மைக்ரோமீட்டர் கணக்கில். வேலை (ஆற்றல்) என்பது விசையையும் நகர்வையும் பெருக்கி வருவது. கையில் கிடைப்பது சொற்பம். அதைவிடப் பெரிய குறை, நடந்தால்தான் மின்சாரம் என்பது. கிருமி தாக்கிக் காய்ச்சலில் படுத்திருப்பவரின் சென்சார்தான் பேச வேண்டும். அன்றைக்குத்தான் அது ஊமையாகிவிடும்.

மாறன்: கெப்பாசிட்டரில் சேமித்து வைக்கலாமே. நீங்கள் பேட்டரிக்காரர்கள் பக்கம் சாய்கிறீர்கள்.

கெப்பாசிட்டர் தானாகவே சார்ஜ் இழக்கும்; நாள்கணக்கில் படுத்திருப்பவருக்கு அதை நம்ப முடியாது. அதோடு நீங்கள் பாரம் இறங்கும் பாதையிலேயே பீங்கானைச் செருகுகிறீர்கள். மூட்டு ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் முறை பாரம் வாங்கும். வழக்கமான பீசோ பீங்கானில் ஈயமும் உண்டு. சென்சார் செத்தாலும் இம்ப்ளான்ட் (உள்ளே பொருத்திய மூட்டு, பிளேட்) சாகக் கூடாது. இந்த விதியை மீறும் எந்த வடிவமைப்பையும் நான் ஏற்கமாட்டேன்.

ஷீபா: இரண்டும் வேண்டாம். வெளியே காயில் (கம்பிச்சுருள்) வைத்து, வயர் இல்லாமல் மின்சாரம் செலுத்தினால்?

பிளேட்டுக்கு என் தேர்வும் அதுதான். பெர்லினில் பெர்க்மன் என்ற ஆய்வாளரின் குழு இடுப்பு மூட்டு விசையை அளந்ததும் இப்படித்தான்: உள்ளே பேட்டரி இல்லை, காலைச் சுற்றிக் காயில். தடுக்கி விழப்போகும் நொடியில் இடுப்பில் உடல் எடையைப் போல் எட்டு மடங்குக்கு மேல் விசை பதிவானது அந்த அளவீட்டில்தான். சிக்கல் உலோகத்தில் இருக்கிறது. டைட்டானியத்தில் சுழல் மின்னோட்டம் பாய்ந்து சூடாகும். மின்கருவியுள்ள இம்ப்ளான்ட்டின் வெளிப்பரப்பு உடல்சூட்டைவிட 2 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. ஆன்டெனாவை உலோக உறைக்குள் அடைத்தால் சிக்னலும் வெளியே வராது. குறைந்த அதிர்வெண், பீங்கான் அல்லது பீக் பிளாஸ்டிக் மூடி, கொஞ்ச நேர அளவீடு, இதுதான் வழி.

மாறன்: அப்படியானால் பேட்டரி தேவையில்லை என்று ஒப்புக்கொள்கிறீர்கள்!

பிளேட்டுக்கு, ஆம். சில மாதம், வாரம் ஒரு முறை அளந்தால் போதும். மூட்டுக்கு, இல்லை. பத்து ஆண்டுக்குத் தினமும் யாரும் காயில் மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

அன்வர்: காலை நீளமாக்க எலும்புக்குள் வைக்கும் ராடு தானாக நீளுமாமே?

தானாக இல்லை. வெளியே காந்தம் சுழன்றால் உள்ளிருக்கும் காந்தம் திருகைச் சுழற்றும். தொடை எலும்பில் வழக்கமாக நாளுக்கு 1 மி.மீ., நான்கு முறை 0.25 ஆக. வேகம் கூடினால் நரம்பும் தசையும் தாங்காது, குறைந்தால் எலும்பு முன்கூட்டியே சேர்ந்துவிடும். இவற்றில் துருப்பிடிக்காத எஃகில் செய்த ஒரு வகை, இணைப்பில் அரிப்பு கண்டு 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. உடலுக்குள் அசையும் இணைப்பு எதுவானாலும் திரவம் புகும் என்று எண்ணியே வடிவமைக்க வேண்டும்.

ரேவதி: எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

மாடலைப் பொறுத்தது. இம்ப்ளான்ட் அட்டையில் எத்தனை டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) வரை, என்ன நிபந்தனை என்று இருக்கும். அட்டையை ஸ்கேன் அறையில் காட்டுங்கள்.

கணேஷ்: ஸ்மார்ட் மூட்டுக்கு எம்.ஆர்.ஐ. ஆகுமா?

மேலே ரேவதிக்குச் சொன்னதுதான்.

விஜி: தளர்ந்தால் மெசேஜ் வருமா?

வராது. தேன்மொழிக்குச் சொன்ன முதல் பதிலை முழுதாகப் படியுங்கள், குறிப்பாகக் காய்ச்சல் பற்றிய வரியை.

மணி: முட்டித் தேய்மானத்துக்கு எந்த மாத்திரை நல்லது?

உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

சுமதி: இப்படி மூட்டு வைத்தவர் காலமானால் ஏதாவது செய்ய வேண்டுமா?

எரியூட்டுவதாக இருந்தால், ஆம். இதுவரை யாரும் கேட்காத முக்கியமான கேள்வி. மூடிய உறைக்குள் இருக்கும் பேட்டரி அந்தச் சூட்டில் வெடிக்கக்கூடும். பேஸ்மேக்கரை முன்பே எடுத்துவிடுவது இதனால்தான். பேட்டரி உள்ள மூட்டையும் அப்படியே கருத வேண்டும். 'உள்ளே பேட்டரி உண்டு, எந்தக் கால், எந்த மாடல்' என்று எழுதி, அட்டையின் நகலோடு வீட்டில் இன்னொருவர் கையில் கொடுத்துவையுங்கள்.