தோழியின் பெயரில் ஒப்பந்தம்: அவர் போனால் நானும் காலி செய்ய வேண்டுமா?

கேள்வி: எனக்கு 61 வயது. தனியாள். நங்கநல்லூரில் என் அலுவலகத் தோழியுடன் வாடகையைப் பாதிப் பாதியாகக் கொடுத்து ஒரே வீட்டில் இருக்கிறேன். அட்வான்ஸிலும் பாதி என்னுடையது. ஆனால் ஒப்பந்தம் அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. அவர் கோவையில் மகளோடு இருக்கப் போகிறார். வீட்டுக்காரர் என்னையும் காலி செய்யச் சொல்கிறார். "8 லட்சம் கொடுங்கள், லீசுக்கு வீடு தருகிறேன், வாடகையே இல்லை" என்கிறார் தரகர். என்ன செய்வது?

பதில்: அந்தத் தரகரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பணி ஓய்வில் வந்த பணத்தைக் குறிவைத்தே இத்தகைய பேச்சு வருகிறது. இடையில் ஒருவர் உரிமையாளரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுப்பார். "உரிமையாளர் எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் என்னிடம் இருக்கிறது" என்று சொல்லி, அதே வீட்டை உங்களுக்கு லீசுக்கு விடுவார். சில மாதங்கள் வாடகையைக் கட்டிவிட்டு மறைந்துவிடுவார். வாடகை வராத உரிமையாளர் வந்து கதவைத் தட்டும்போதுதான் உங்களுக்கு விஷயமே தெரியும். அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டதே வெளியேற்றக் காரணமாகிவிடும். போலீஸில் புகார் கொடுக்கலாம். ஆனால் 61 வயதில் உங்களை ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லீஸ்தான் வேண்டும் என்றால் உரிமையாளரை நேரில் பாருங்கள். வில்லங்கச் சான்றில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தை அவருடைய வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்திப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள்.

இனி இப்போதைய வீடு. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாமல் நீங்களும் வாடகைதாரர் என்று சாதிப்பது கடினம். தோழி சாவியை ஒப்படைக்கும் முன்பே, உங்கள் பெயரில் புது ஒப்பந்தம் கேளுங்கள். வாடகையில் உங்கள் பங்கை நேரடியாக வீட்டுக்காரர் கணக்கில் செலுத்தியிருந்தால், அந்த வங்கிப் பதிவைக் காட்டிப் பேசுங்கள். 11 மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதிந்து எண் பெற வேண்டும். இதைத் தெருத்தெருவாகச் சொல்லியிருக்க வேண்டியது அரசு. சொல்லாததால் இன்றும் தரகர் சொல்வதே சட்டமாக இருக்கிறது.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் "வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்ற விதிவிலக்கோடு சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸுக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டால், அதுவே அந்த "வேறு ஒப்பந்தம்" ஆகிவிடும். பிறகு மூன்று மாதம் என்று வாதாடிப் பயனில்லை. முதியவர்களைக் காக்க வேண்டிய வரம்பில் இப்படி ஓட்டை வைத்தது எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிறது. ஆகவே கையெழுத்துக்கு முன்பே பேரம் பேசுங்கள். தொகை எதுவானாலும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

பழைய அட்வான்ஸ் தோழியின் கைக்கே திரும்பும். அதில் உங்கள் பாதி எவ்வளவு என்று அவரிடம் இந்த வாரமே எழுதி வாங்கிவிடுங்கள். நல்ல தோழி தப்பாக நினைக்கமாட்டார்.