ஒன்பது எண்ணுக்கு 4,800 ரூபாயா?

கேள்வி: தக்கலையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்து நானே நடத்துகிறேன். பத்மநாபபுரம் அரண்மனை, முட்டம் பாறை, திற்பரப்பு அருவிப் படங்களைப் பென்சில் ஓவியம், புடைப்புச் சிற்பம் மாதிரி மாற்றி, ஃபிரேம் போட்டு விற்கலாம் என்று யோசனை. ‘150 ஏஐ ஆர்ட் எஃபெக்ட்’ என்று ஆன்லைனில் ஒரு தொகுப்பு 4,800 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா? சரியில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் அந்த 150-இன் பெயர்ப் பட்டியலைக் கேளுங்கள். எம்பாஸ் (புடைப்பு), எட்ஜ் (விளிம்பு), ஷார்ப்பன் (கூர்மை), ப்ளர் (மங்கல்) என்றே போகிறதென்றால் அதில் பெரும்பகுதி ஏஐ இல்லை, பள்ளிக்கூடத்துப் பெருக்கலும் கூட்டலும்தான். இதைக் கன்வல்யூஷன் என்பார்கள். ஒவ்வொரு பிக்சலையும் சுற்றியுள்ள எட்டையும் ஒன்பது எண்களால் பெருக்கிக் கூட்டினால் புதுப் பிக்சல் வந்துவிடும்.

கிம்ப் என்ற இலவச மென்பொருளில் ஃபில்டர்ஸ், ஜெனரிக், கன்வல்யூஷன் மேட்ரிக்ஸ் என்று போங்கள். 25 கட்டம் இருக்கும். நடு ஒன்பதில் வரிசைக்கு மூன்றாக -2, -1, 0. -1, 1, 1. 0, 1, 2 என்று போட்டு, மற்றதைப் பூஜ்யமாக விடுங்கள். முட்டம் பாறை புடைத்து நிற்கும். எண்களின் கூட்டுத்தொகை 1 என்பதால் ஒரே நிறமான வானம் அப்படியே இருக்கும். விளிம்புகள் மட்டும் மாறும். நடுவில் 8, சுற்றிலும் -1 போட்டால் கூட்டுத்தொகை பூஜ்யம். அங்கே இருக்கும் நார்மலைஸ் டிக்கை எடுத்துவிட்டால் வானம் கறுத்துப்போய்க் கோடுகள் மட்டும் மிஞ்சும். அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றினால் (இன்வர்ட்) அரண்மனை ஓட்டுக்கூரை பென்சிலில் வரைந்தது போல வரும்.

இரண்டு இடத்தில் சொதப்பும். சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த படத்தில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் இருக்கும். அந்த 8 அதையும் கோடாக்கிவிடும். முதலில் லேசாக ப்ளர் கொடுங்கள். இன்னொன்று, பெரிய படத்தில் கோடு மயிரிழையாக விழும். அளவைக் குறைத்துவிட்டுப் போடுங்கள்.

ஆயில் பெயின்டிங் இந்தக் கணக்கில் வராது. சுற்றுவட்டாரத்தில் எந்த நிறம் அதிகமோ அதை எடுப்பது அதன் வழி. அதற்கும் கிம்பில் ஆயிலிஃபை இருக்கிறது. பட்டியலில் இதையெல்லாம் தாண்டி நிஜமாகவே ஏதாவது இருந்தால், உங்கள் படம் ஒன்றைக் கொடுத்து மாதிரி செய்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கிம்பை கிம்ப் டாட் ஆர்க் தளத்தில் மட்டும் இறக்குங்கள். அப்புறம், அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. விற்பதற்கென்று படம் எடுக்கும் முன் அங்கே கேட்டுவிடுங்கள்.

பணம் கட்டிவிட்டீர்கள், ஏஐ என்றது பொய் என்று தெரிகிறது என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது தவறான விளம்பரம். வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்று விற்றவர் வாதிடுவார். ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு அந்தச் சட்டமே விலக்கு தருகிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வாங்குவதாக இருந்தால் விளம்பரத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். தகராறு என்று வந்தபின் அந்தப் பக்கம் இருக்காது.