தத்துப் பத்திரம் இருக்கிறது, குடியுரிமை இருக்கிறதா?

வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

போன மாதம் இந்தப் பகுதியில் தத்துச் சட்டம் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வடசென்னையிலிருந்து நிறைய கடிதங்கள் வந்துவிட்டன, பெரும்பாலும் வெளிநாட்டுக்குத் தத்துப் போன பிள்ளைகளைப் பற்றி. அதனால் இந்த முறை முழுக்க அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வணக்கம் வக்கீலம்மா. என் தங்கச்சிக்கு 1978-ல் பிறந்த ஆண் குழந்தையை வளர்க்க முடியாத நிலையில் ஒரு காப்பகத்தில் விட்டோம். 1981-ல் அமெரிக்கத் தம்பதி ஒருவர் அவனை அழைத்துப் போனார்கள். தங்கச்சி இப்போது உயிரோடு இல்லை. போன வருஷம் அவனே காப்பகம் மூலமாக எங்களைக் கண்டுபிடித்து எழுதினான். சென்னைக்கு வர பாஸ்போர்ட் கேட்டபோது, நீங்கள் அமெரிக்கக் குடிமகனே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அங்கேயே படித்து வேலை பார்த்து ஓட்டும் போட்டிருக்கிறான். வளர்த்த அப்பா அம்மா இருவரும் காலமாகிவிட்டார்கள். அவன் இங்கே வந்தால் திரும்பிப் போக விடுவார்களா? இல்லை, நம்ம ஊர் பாஸ்போர்ட்டையே எடுத்துக் கொடுக்கலாமா?
வாசகி, காசிமேடு

பதில்: அம்மா, முதலில் அவரை டிக்கெட் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே காகிதத்தைச் சரிபண்ணாமல் ஒரு தடவை அந்த நாட்டு எல்லையைத் தாண்டிவிட்டால், திரும்பி உள்ளே நுழைவது பெரிய பாடாகிவிடலாம்.

நீங்கள் கடிதத்தோடு வைத்திருந்த நகலைப் பார்த்தேன். மூன்று வயதுப் பிள்ளையின் இந்திய பாஸ்போர்ட். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கிறது, கையெழுத்துப் போடும் இடத்தில் சின்னதாக ஒரு கட்டைவிரல் ரேகை. அடுத்த பக்கத்தில் அமெரிக்காவில் இறங்கிய அன்று குத்திய முத்திரை, அதில் பேனாவால் ஐஆர்-4 என்று எழுதி, பக்கத்தில் ஏ என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு எண். இந்தப் பக்கம்தான் உங்கள் பிள்ளைக்கு இப்போது இருக்கிற பெரிய சொத்து, பத்திரமாக வையுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் இங்கே நேரடியாகத் தத்து எடுக்க வழி இல்லை. 1956-ல் வந்த தத்துச் சட்டம் இந்துக்களுக்கு மட்டும். அதனால் 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தின் கீழ் கோர்ட்டில் மனு போட்டு, குழந்தைக்குக் காப்பாளர் என்று ஆர்டர் வாங்கி, அழைத்துப் போய், தங்கள் ஊர் கோர்ட்டில் தத்து எடுத்துக்கொண்டார்கள். ஐஆர்-4 என்பது அப்படிப் போன அநாதைக் குழந்தைக்குக் கொடுக்கிற விசா. அதில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை, அதாவது கிரீன் கார்டு கிடைக்கும், குடியுரிமை கிடைக்காது. தத்து எடுப்பது அங்கே மாநில கோர்ட்டின் வேலை, குடியுரிமை மத்திய அரசின் வேலை, அதற்குப் பிள்ளைக்கு 18 வயது ஆவதற்குள் பெற்றோர் தனியாக மனு போட்டிருக்க வேண்டும். கோர்ட்டில் நீதிபதி கையெழுத்துப் போட்டதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்த பெற்றோர் எத்தனையோ பேர். பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்கவில்லை, ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதும் யாரும் கேட்கவில்லை, முதல் தடவை பாஸ்போர்ட் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. அதுவும் நாற்பது வயதுக்கு மேல்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2000-ல் அங்கே குழந்தைகள் குடியுரிமைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அப்போதைய அதிபர் கிளிண்டன் கையெழுத்துப் போட்டார், 2001 பிப்ரவரி 27 முதல் அமல். அமெரிக்கக் குடிமக்கள் தத்து எடுத்து, முறையாகக் குடியேறிய பிள்ளைக்கு, மனுவே போடாமல் குடியுரிமை வந்துவிடும். ஆனால் அன்றைக்கு 18 வயது முடியாதவர்களுக்கு மட்டும்தான். உங்கள் பிள்ளைக்கு அன்று 22. இந்த வரம்பை ஏன் வைத்தார்கள் என்பதற்கு எனக்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் தெரியவில்லை. கொல்கத்தாவிலிருந்து 1982-ல் மூன்று மாதக் குழந்தையாக அங்கே போன ஒரு பெண் பதினோரு மாத வித்தியாசத்தில் இந்தச் சட்டத்தைத் தவறவிட்டார். வளர்த்த தாய் அவருக்கு எட்டு வயதிருக்கும்போதே புற்றுநோயில் இறந்துவிட்டார், அப்புறம் மனு போட யார் இருந்தார்கள்? அவரை நாடு கடத்த உத்தரவு வந்து, 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. சிறுமியாகப் போன இன்னொரு பெண்ணை 2008-ல் மும்பைக்கே திருப்பி அனுப்பினார்கள், கணவரும் இரண்டு குழந்தைகளும் அமெரிக்காவில். தென் கொரியாவிலிருந்து 1979-ல் மூன்று வயதில் போன ஒருவரை 2016-ல் கொரியாவுக்கு அனுப்பினார்கள். இவர்கள் மேல் ஏதோ ஒரு குற்ற வழக்கு இருந்தது உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதே வீட்டில் வயிற்றில் பிறந்த பிள்ளை அதே தப்பைச் செய்திருந்தால் தண்டனையோடு முடிந்திருக்கும். தத்துப் பிள்ளைக்கு மட்டும் மொழி தெரியாத ஊருக்கு ஒருவழி டிக்கெட். இரண்டு நாட்டு அதிகாரிகள் கையெழுத்துப் போட்டு விமானத்தில் ஏற்றிய குழந்தையிடம் நாற்பது வருஷம் கழித்து உன் காகிதம் எங்கே என்று கேட்பது அநியாயம், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. விடுபட்டவர்களையும் சேர்க்க 2015-லிருந்து மசோதா கொண்டுவந்துகொண்டே இருக்கிறார்கள். 2022-ல் கீழ்ச்சபையில் ஒரு பெரிய மசோதாவுக்குள் சேர்ந்து நிறைவேறியது, கடைசி வடிவத்தில் அதை எடுத்துவிட்டார்கள்.

சரி, உங்கள் பிள்ளை இப்போது என்ன செய்யலாம்? அந்த ஏ எண், அதாவது அவருடைய குடிவரவுக் கோப்பு எண்ணை வைத்து, அங்குள்ள தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் குடிவரவுத் துறையிடம் தன் முழுக் கோப்பையும் கேட்கச் சொல்லுங்கள். கிரீன் கார்டு தொலைந்திருந்தாலோ காலாவதி ஆகியிருந்தாலோ வசிக்கும் உரிமை போய்விடாது, அட்டைதான் இல்லை, புது அட்டை வாங்கலாம். ஐந்து வருஷத்துக்கு மேல் அந்த உரிமையோடு இருந்தவர் என்பதால், வந்து குடியேறிய மற்றவர்களைப் போலத் தானே குடியுரிமைக்கு மனுப் போடலாம். ஓட்டுப் போட்டிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். குடிமகன் இல்லாதவர் ஓட்டுப் போடுவது அங்கே நாடு கடத்தும் அளவுக்குப் போகும் விஷயம்தான். ஆனால் அதே 2000-ஆம் வருஷச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: தத்தெடுத்த இருவருமே குடிமக்களாக இருந்து, 16 வயதுக்கு முன்பே அங்கே நிரந்தரமாகக் குடியிருந்து, தானும் குடிமகன் என்று நியாயமாக நம்பியவருக்கு அது பொருந்தும். அதை மனுவில் எப்படிச் சொல்வது என்பது நுணுக்கம், எந்தப் படிவத்திலும் கைவைக்கும் முன்னால் அங்கே குடிவரவு வழக்குகள் மட்டும் நடத்தும் வக்கீல் ஒருவரை அவர் பார்த்தே ஆக வேண்டும். பழைய போலீஸ் கேஸ் எது இருந்தாலும், சின்னதோ பெரிதோ, அந்த வக்கீலிடம் ஒளிக்கக் கூடாது. இனிமேல் எந்தப் படிவத்திலும் அமெரிக்கக் குடிமகன் என்ற கட்டத்தில் டிக் போடவும் கூடாது.

நம்ம ஊர் பாஸ்போர்ட் பற்றிக் கேட்டீர்கள். நம் சட்டப்படி 1950 ஜனவரி 26-லிருந்து 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக ஏற்றுக்கொண்டால்தான் அது போகும். உங்கள் பிள்ளை எதையும் ஏற்கவில்லையே, ஆகவே சட்டப்படி இன்னும் இந்தியர்தான். கிரீன் கார்டும் கையிலிருந்தால், அங்குள்ள நம் தூதரகம் வழியாக இந்திய பாஸ்போர்ட் வாங்கி அதில் வந்துபோகவும் வழி உண்டு. இதையும் அந்த வக்கீலைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும். நீங்கள் இங்கிருந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. காப்பகத்தில் அந்தக் காப்பாளர் கோர்ட் ஆர்டரின் ஓ.பி. நம்பரும், அதாவது மனு எண்ணும், வருஷமும் கேட்டு வாங்குங்கள், ஐகோர்ட் ஆர்டராக இருந்தால் நகல் பிரிவில் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் எடுக்கலாம். பழைய கட்டு என்பதால் ரெக்கார்டு ரூமிலிருந்து வர நாளாகும், விடாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகளும் மருமகனும் இங்கிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்கப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கும் இப்படிச் சிக்கல் வருமா?
வாசகர், பெரம்பூர்

பதில்: ஐயா, மகளோ மருமகனோ யாராவது ஒருவர் அமெரிக்கக் குடிமகனா என்பதுதான் முதல் கேள்வி. ஆம் என்றால் கவலை பாதி தீர்ந்தது. இந்தியா 2003-லும் அமெரிக்கா 2008-லும், நாடு விட்டு நாடு தத்துக்கான ஹேக் உடன்படிக்கைக்குள் வந்துவிட்டன. இப்போது தத்து ஆர்டரை இங்கேயே கலெக்டர் கொடுக்கிறார், தத்தைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காரா தடையில்லாச் சான்று தருகிறது, இங்கேயே தத்து முடிந்த குழந்தைக்கான ஐஎச்-3 விசாவில் குழந்தை போய் இறங்கி அவர்களோடு குடியிருக்கத் தொடங்கியதுமே குடிமகள். குடியுரிமைச் சான்றிதழ் தபாலில் வரும். வராவிட்டால் விடாமல் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், பாஸ்போர்ட் இருக்கிறதே போதும் என்று இருந்துவிட வேண்டாம். பாஸ்போர்ட் காலாவதியாகும், சான்றிதழ் ஆகாது. இருவரும் எச்-1பி வேலை விசாவிலோ கிரீன் கார்டிலோ இருந்தால் இந்த வழியே அவர்களுக்குத் திறக்காது. அந்த நிலையில் அவசரப்பட்டு ஆர்டர் வாங்கிவிட்டுக் குழந்தையை இங்கே உங்களிடம் வருஷக்கணக்கில் விட்டுவைக்கும்படி ஆகிவிடக் கூடாது.

கேள்வி: அக்கா, அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. என் இரண்டாவது மகனைத் தத்துக் கொடுத்து சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசில் பத்திரமும் பதிந்துவிட்டோம், மஞ்சள் நீர் சடங்கெல்லாம் செய்தோம். ஆனால் விசா கிடைக்கவில்லை. பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார்.
தண்டையார்பேட்டை தங்கை

பதில்: தங்கச்சி, அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. உன் பத்திரம் போலி இல்லை, இந்துத் தத்துச் சட்டப்படி அது செல்லும். ஆனால் பிள்ளை நாடு தாண்டிப் போவதற்கு அது மட்டும் போதாது. சொந்தக்காரப் பிள்ளையாக இருந்தாலும் ஹேக் நடைமுறை உண்டு, காராவின் தடையில்லாச் சான்று இல்லாமல் நகராது. அண்ணன் அங்கே அங்கீகாரம் பெற்ற தத்து அமைப்பு மூலம் வீட்டு ஆய்வு முடித்து, நீ இங்கே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். பத்திரம் முன்பே பதிந்துவிட்டதால் அதை எப்படிக் கையாள்வது என்று அண்ணன் அங்கே முதலிலேயே வக்கீலிடம் கேட்கட்டும். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை டூரிஸ்ட் விசாவில் அனுப்பிவிடாதே. அப்படிப் போய் வளர்ந்தவர்கள் காசிமேட்டு அம்மா வீட்டுப் பிள்ளையைவிட மோசமான நிலையில் இருக்கிறார்கள், அவர்களிடம் கிரீன் கார்டுகூட இல்லை.

கேள்வி: நான் ஆட்டோ ஓட்டுகிறேன். நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு பெண் என் வண்டியில்தான் தினமும் போகிறார். குழந்தையாக இங்கிருந்து தத்துப் போனவர், பெற்ற அம்மாவைத் தேடுகிறார். ஒருத்தன் ஐம்பதாயிரம் கேட்கிறான். அவருக்கு இந்தியக் குடியுரிமை திரும்பக் கிடைக்குமா என்றும் கேட்கச் சொன்னார்.
வாசகர், புளியந்தோப்பு

பதில்: தம்பி, அந்தப் பெண்ணுக்காக எழுதிக் கேட்டதற்கு முதலில் நன்றி. இரட்டைக் குடியுரிமையை நம் சட்டம் ஏற்காது. அதனால் டச்சு பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே இந்தியக் குடியுரிமை வாங்க முடியாது. ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு கொடுக்கும் அட்டை, வாங்கலாம். முன்பு இந்தியக் குடிமகளாக இருந்தவர் என்பதற்கு ஆதாரம் வேண்டும், குழந்தையாகப் போனபோது எடுத்த பழைய இந்திய பாஸ்போர்ட் பெரும்பாலும் வளர்த்தவர்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும், தேடச் சொல்லுங்கள். அந்த அட்டை இருந்தால் ஆயுளுக்கும் விசா தேவையில்லை. ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது என்பது போன்ற சில வரம்புகள் மட்டும் உண்டு.

அம்மாவைத் தேடுவதற்கு அவரே காராவிடமோ அவரை அனுப்பிய காப்பகத்திடமோ விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாவது ஆள் அவர் சார்பில் தேடுவதை விதி அனுமதிப்பதில்லை, ஐம்பதாயிரம் கேட்கிறவன் எந்த வழியில் தேடுவான் என்று நினைத்துப் பாருங்கள். பெற்றவர் இன்று வேறு குடும்பத்தில், யாருக்கும் சொல்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கலாம். ஒரு தெரு முழுக்க போட்டோவைக் காட்டி விசாரித்தால் அவர் வாழ்க்கை என்ன ஆகும்? அவருடைய சம்மதத்தையும் சட்டம் மதிக்கச் சொல்கிறது.

ஆனால் உங்கள் பகுதி என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புளியந்தோப்பில் 1999-ல் காணாமல் போன ஒரு சின்னப் பையன் தத்து என்ற பெயரில் அமெரிக்கா போய்விட்டதாக 2005-க்குப் பிறகு விசாரணையில் தெரியவந்தது உங்கள் ஏரியாப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வடசென்னையில் தூக்கிய குழந்தைகளை ஒரு தத்து அமைப்புக்கு விற்ற கும்பல் பிடிபட்டு, வழக்கு சிபிஐ வரைக்கும் போனது. அதே மாதிரி முறைகேடுகள் வெளிவந்துதான் நெதர்லாந்தும் 2021-ல் வெளிநாட்டுத் தத்தையே நிறுத்திவைத்தது. ஆகவே அந்தப் பெண் 90-களில் போனவர் என்றால், தாய் ஒப்படைத்தார் என்று காகிதத்தில் இருப்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஒப்படைப்புப் பத்திரத்தில் தாயின் கையெழுத்து, சாட்சிகள், தேதி மூன்றையும் காப்பக ரெஜிஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஏதாவது இடித்தால் போலீசில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்கட்டும். பிள்ளையைத் தொலைத்துவிட்டு இன்னும் தேடுகிற அம்மா யாராவது இருந்தால் டிஎன்ஏ பரிசோதனைதான் தீர்த்துச் சொல்லும், அதையும் அவரவர் விருப்பத்தோடு மட்டுமே செய்ய வேண்டும். மொழி தெரியாமல் ஆபீஸ் ஆபீசாக அலைகிறவருக்கு நீங்கள் கூடப் போய் வார்த்தை எடுத்துச் சொல்லலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை. விண்ணப்பத்தில் கையெழுத்து மட்டும் அவருடையதாக இருக்க வேண்டும்.