தோட்டத்து ரயில் கிணத்தோரம் போய் திணறுதா? ட்ரான்ஸ்ஃபார்மர் மேல கை வைக்காதீங்க

கோயமுத்தூர் வடவள்ளியில இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். ரிட்டயர் ஆனவர். பையன் ஜெர்மனில இருந்து கொண்டு வந்த எல்ஜிபி (தோட்டத்துல ஓட்டுற ஜெர்மன் மாடல் ரயில் பிராண்ட்) செட்டோட ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா ட்ராக் சேர்த்து தோட்டத்தை சுத்தி 22 மீட்டருக்கு தண்டவாளம் போட்டிருக்கார். கன்ட்ரோலர் சிட்-அவுட்ல இருக்கு. அந்தப் பக்கம் வண்டி ஜம்முனு ஓடுது, எதிர்ப்பக்கம் கிணத்தோரம் போனா மெதுவாகுது, முன் லைட் மங்குது, சில நாள் நின்னே போகுது. கையால தள்ளிவிட்டா வீட்டுப்பக்கம் வரவர திரும்ப வேகம் எடுக்குது. போன வருஷம் இந்தப் பிரச்சனையே இல்லயாம். ட்ரெயின் சாமான் விக்கிற ஒருத்தர், "5 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கணும், அப்படியே டிசிசிக்கு (எஞ்சினை டிஜிட்டல் சிக்னல்ல ஓட்டுற முறை) மாத்திடணும், எல்லாம் சேத்து 40,000 ஆகும், நானே ஜெர்மனில இருந்து இறக்கித் தர்றேன், பாதி ஜிபே பண்ணிடுங்க"ன்னு சொல்லியிருக்கார். பண்ணலாமான்னு கேட்கிறார்.

பண்ணாதீங்க சார். பதில் உங்க கேள்வியிலயே இருக்கு. போன வருஷம் இதே ட்ரான்ஸ்ஃபார்மர்தானே இதே வண்டியை இதே கிணத்தோரம் இழுத்துட்டுப் போச்சு? ஒரு வருஷத்துல அதோட பலம் குறைஞ்சிருந்தா வீட்டுப்பக்கமும் வண்டி திணறணும். அங்க நல்லா ஓடுது, தூரத்துல மட்டும் படுத்துக்குதுன்னா கரண்ட் கிளம்புற இடத்துல தப்பு இல்ல, போற வழியிலதான் இருக்கு. பைப்புல அடைப்பு இருக்கும்போது மோட்டாருக்கு ஹெச்பி ஏத்துற வேலைதான் அவர் சொல்றது.

எல்ஜிபி நேர் தண்டவாளம் ஒரு துண்டு 30 சென்டிமீட்டர். 22 மீட்டர்னா எழுபதுக்கு மேல துண்டு, அதாவது ஒவ்வொரு கம்பியிலயும் எழுபதுக்கு மேல ஜாயின்ட். ஒவ்வொரு ஜாயின்ட்லயும் ஒரு துண்டையும் அடுத்ததையும் சேர்க்கிறது அந்த சின்ன பித்தளை ஃபிஷ்பிளேட் மட்டும்தான். நீங்க ஒரே ஒரு இடத்துல ரெண்டு ஒயர் கொடுத்திருக்கீங்க, கிணத்தோரம் போக கரண்ட் ரெண்டு பக்கமும் சுத்தி ஒவ்வொரு பக்கமும் முப்பது முப்பத்தஞ்சு ஃபிஷ்பிளேட்டைத் தாண்டணும். புதுசுல அது இறுக்கமா பளபளன்னு இருந்துச்சு, இப்ப வெயில்ல நீண்டு ராத்திரியில சுருங்கி லூசாகி, உள்ள செம்மண் தூசி போயி, மழைத்தண்ணி போயி பச்சைக் களிம்பு பிடிச்சு நிக்குது. ஒவ்வொண்ணும் துளி துளியா வோல்டேஜைத் தின்னும். எல்லாம் சேர்ந்து கிணத்தோரம் போறப்ப எஞ்சினுக்கு மிஞ்சுறது பாதி.

நான் சொல்றதை நம்ப வேண்டாம், நீங்களே பாத்துக்கலாம். லாரி சாமான் விக்கிற ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில 24 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணு, அதுக்கு ஹோல்டர், முதலை கிளிப் ரெண்டு வாங்குங்க. கூடவே சாதா டிஜிட்டல் மல்டிமீட்டர். எஞ்சினை எடுத்து வெளிய வெச்சுட்டு பல்பை கிணத்தோரம் ரெண்டு தண்டவாளத்துலயும் மாட்டுங்க, கன்ட்ரோலரை மெதுவா திருப்புங்க, ஒரேயடியா திருப்பினா பல்பு குளிர்ச்சியா இருக்கும்போது கரண்டை ஏகத்துக்கும் இழுக்கும், பவர் பேக் (அதான் அந்த ட்ரான்ஸ்ஃபார்மர்) ட்ரிப் ஆயிடும். பல்பு எதுக்குன்னு கேப்பீங்க. வெறும் மீட்டரை மட்டும் வெச்சுப் பாத்தா கிணத்தோரமும் வீட்டுல காட்டுற வோல்ட்டையே காட்டும், ஏன்னா மீட்டர் கரண்டே இழுக்காது, இழுத்தாதான் அடைப்பு தெரியும். இந்த ஒரு விஷயம் தெரியாம "சார் மீட்டர்ல கரெக்டா காட்டுது, அப்ப ட்ரான்ஸ்ஃபார்மர்தான் வீக்"னு சொல்லி வித்துட்டுப் போறவங்க நிறைய பேர்.

இப்ப மீட்டரை டிசி 200 வோல்ட்ல வெச்சு வீட்டுப்பக்கம் ஒரு தடவை, பல்புக்கிட்ட ஒரு தடவை பாருங்க. வீட்டுல 17, அங்க 10னு காட்டினா 7 வோல்ட் வழியில காணாம போச்சு. எங்க போச்சுன்னு பிடிக்கிறதுதான் சுவாரஸ்யமான வேலை. மீட்டரை 2000 மில்லிவோல்ட்டுக்கு இறக்குங்க, ரெண்டு முள்ளையும் ஒரே கம்பியில, ஜாயின்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு வைங்க. 10, 20னு காட்டுதா, விடுங்க. 300, 500னு காட்டினா அதுதான் ஆளு. இடதுகோடியில வெறும் "1" மட்டும் நின்னா அங்க சுத்தமா விட்டுப்போச்சு. சாக்பீஸ்ல குறி போட்டுக்கிட்டே போங்க. பேரன் கூட இருந்தா மீட்டரை அவன் கையில கொடுத்துடுங்க, வண்டி ஓட்டுறதை விட இது அவனுக்குப் பிடிக்கும்.

குறி போட்ட ஜாயின்ட்டையெல்லாம் கழட்டி ஃபிஷ்பிளேட்டையும் கம்பி நுனியையும் ஸ்காட்ச் பிரைட்ல தேச்சு, லூசா இருந்தா பிளேயர்ல லேசா அமுக்கி மறுபடி போடுங்க. அது இந்த வருஷத்துக்கு ஓடும். நிரந்தரமா வேணும்னா வீட்டு ஒயரிங்குக்குப் போடுற 2.5 ஸ்கொயர் ஒயர் சிவப்பு ஒண்ணு கறுப்பு ஒண்ணு வாங்கி, கன்ட்ரோலர்ல இருந்து ட்ராக் கூடவே சுத்தி, சின்ன பிவிசி பைப்புக்குள்ள ஓட விட்டு, மூணு மீட்டருக்கு ஒரு இடத்துல இறக்கி தண்டவாளத்துல சேர்த்துடுங்க. உள்கம்பிக்கு சிவப்பு, வெளிக்கம்பிக்கு கறுப்பு, எங்கயும் மாத்திடாதீங்க, மாத்துனா ஷார்ட். அந்த ஒயர்ல ஒரு ஆம்பியர் போனா கிணத்தோரம் வரை போய் வர்றதுக்கு கால் வோல்ட் கூட குறையாது. எஞ்சின் எங்க இருந்தாலும் பக்கத்துலயே கரண்ட் இருக்கும், நடுவுல ரெண்டு ஜாயின்ட் மோசமா இருந்தாலும் அதுக்குத் தெரியாது. சால்டர் பண்ண 25 வாட் அயர்ன் உதவாது, தடிச்ச பித்தளை அவ்வளவு சூட்டையும் குடிச்சிடும், 100 வாட் வேணும், இல்லனா கம்பியோட அடிப்பாதத்துல ஓட்டை போட்டு பித்தளை ஸ்க்ரூ வெச்சு இறுக்கிடுங்க. மொத்த செலவு அந்த வியாபாரி கேட்ட அட்வான்ஸை விட ரொம்பக் குறைவு.

இந்த இடத்துல உங்க வீட்டு மேஸ்திரியை தள்ளி நிக்க சொல்லுங்க. "சார் ட்ராக் ஆடுது, சிமெண்ட் போட்டு உக்கார வெச்சுடலாம்"பார். மாட்டேன்னு சொல்லுங்க. பித்தளை வெயில்ல நீளும். மார்கழி விடியக்காலை 18, 20 டிகிரியில போட்ட கம்பி சித்திரை மத்தியானம் 60ஐத் தொடும், 40 டிகிரி வித்தியாசத்துக்கு 10 மீட்டர்ல 7 மில்லிமீட்டருக்கு மேல நீளும். அது எங்கயாவது போய்த்தானே ஆகணும்? சிமெண்ட்ல கட்டிப்போட்டா வில்லா வளையும், இல்ல ஸ்லீப்பர் உடையும். கால் இஞ்ச் சிப்ஸோட கிரஷர் தூள் கலந்து படுக்கை போட்டு அதுமேல ட்ராக்கை சும்மா மிதக்க விடுங்க. நிஜ ரயிலும் ஜல்லியிலதான் கிடக்குது.

இப்ப அந்த 5 ஆம்பியர் கதைக்கு வர்றேன். அடைஞ்ச ஜாயின்ட்ல அதிகமா கரண்டைத் தள்ளினா ஜாயின்ட் சூடாகும், அடைப்பு போகாது. அதை விட மோசம், வண்டி தடம்புரண்டு இரும்புச் சக்கரம் குறுக்க விழுந்தா 1 ஆம்பியர் பேக் உடனே ட்ரிப் ஆகும், 5 ஆம்பியர் பேக் கிணத்தோர ஷார்ட்டை ஷார்ட்னே பல சமயம் உணராது, வழியில இருக்கிற தடையே அதை மறைச்சிடும், கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கும், பிளாஸ்டிக் உருகும். டிசிசியும் அப்படித்தான். அது நல்ல டெக்னாலஜி, ரெண்டு மூணு எஞ்சினை ஒரே ட்ராக்ல தனித்தனியா ஓட்டணும்னா அருமை. ஆனா அதுல கரண்ட் கூடவே சிக்னலும் அதே கம்பியில போகுது, அதனால ஜாயின்ட் இன்னும் சுத்தமா இருக்கணும். இப்ப மெதுவா போற வண்டி அப்ப வெட்டி வெட்டி நிக்கும். உடனே அவரே திரும்ப வந்து "கெப்பாசிட்டர் போடணும் சார்"னு இன்னொரு பில் நீட்டுவார்.

பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் நிஜமாவே தேவைப்படுற ஒரு சந்தர்ப்பம் உண்டு, அதையும் சொல்லிடறேன், இல்லனா யாராவது கேப்பீங்க. பழைய லைட் போட்ட பெட்டிங்க. உள்ள எல்இடி இல்லாம இழை பல்பு இருக்கிற பழைய மாடல். ஒரு பல்பு சுமாரா 50 மில்லியாம்பியர் இழுக்கும், பெட்டிக்கு ரெண்டுன்னு நாலு பெட்டி கோத்தீங்கன்னா 400 மில்லியாம்பியர் வெளிச்சத்துக்கே போச்சு. எஞ்சின்ல புகை விடுற யூனிட் இருந்தா அது தனி. எஞ்சின் மோட்டார் அரை ஆம்பியருக்கு மேல கேட்கும். ஸ்டார்ட்டர் செட்டோட வர்ற பேக் ஒரு ஆம்பியர் பக்கம்தான், அதால முடியாது. ஆனா கவனிங்க, அப்படி இருந்தா வண்டி எல்லா இடத்துலயும் திணறும், கன்ட்ரோலர் பக்கத்துலயே திணறும், பேக் சூடாகி பத்து நிமிஷத்துல கட் ஆகும், ஆறினதும் திரும்ப வரும். கிணத்தோரம் மட்டும் திணறினா அது இது இல்ல. சந்தேகம்னா பெட்டியையெல்லாம் கழட்டிட்டு எஞ்சினை மட்டும் விடுங்க. கன்ட்ரோலர் பக்கம் எப்பவும் போல, கிணத்தோரம் அப்பவும் மெதுவாகுதா? ஜாயின்ட்தான். எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி உசுரு வருதா? அப்ப பல்பு. அப்பவும் முதல் வேலை பல்பை எல்இடியா மாத்துறது, ரெண்டு திசையிலயும் எரியறதுக்கு நடுவுல ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (கரண்ட் எந்தப் பக்கம் வந்தாலும் ஒரே திசையில அனுப்புற சின்ன பாகம்), எல்இடி கருகாம இருக்க ஒரு ரெசிஸ்டர், ரெண்டும் போட்டா போதும். அதையும் மீறி வேணும்னா 2 ஆம்பியர் தாராளம். 5 எதுக்கு?

இன்னொரு கண்ணி, உங்களுக்கு இல்லன்னாலும் படிக்கிறவங்களுக்கு. அமெரிக்காவில இருந்து சொந்தக்காரங்க கொண்டு வர்ற செட்டோட பவர் பேக் 120 வோல்ட்டுக்கு செஞ்சது. பிளக் அடாப்டர் பின்னோட வடிவத்தை மாத்தும், வோல்ட்டை மாத்தாது. நம்ம 230ல சொருகினா முதல் நிமிஷத்துலயே புகை, பொம்மை எஞ்சின்ல இருந்து இல்ல. இங்க பழசு விக்கிறவங்க இதைச் சொல்றதே இல்ல. அடியில இன்புட்டுன்னு போட்டிருக்கிறதை நீங்களே படிங்க. எந்த பேக்கா இருந்தாலும் அது வீட்டுக்குள்ளயே இருக்கணும், தோட்டத்துக்கு வெளிய வர்றது 24 வோல்ட்டுக்கு உள்ள இருக்கிற டிசி மட்டும்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாமரத்தடிக்கு இழுத்துட்டுப் போற வேலை கூடவே கூடாது. அந்த பிளக் பாயிண்ட்டுக்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச்) இருக்கான்னும் எலக்ட்ரீஷியனைக் கேளுங்க.

"நானே இறக்கித் தர்றேன்"ங்கறதுதான் எனக்கு வயிறு எரியற இடம். நம்ம கஸ்டம்ஸ் கணக்குல ஸ்கேல் மாடல் ரயிலும் கிலுகிலுப்பையும் ஒரே தலைப்பு, 9503, பொம்மை. 2020 பிப்ரவரியில பொம்மை வரியை 20 சதவீதத்துல இருந்து 60 ஆக்கினாங்க, 2023ல 70. அதுக்கு மேல ஜிஎஸ்டி. 2021 ஜனவரியில இருந்து பொம்மைக்கு பிஐஎஸ் தர முத்திரை வேற. குழந்தைங்க வாயில வெக்கிற ஈய பெயிண்ட் பொம்மையைத் தடுக்கணும்னு போட்டது, நல்ல நோக்கம்தான், ஆனா அறுபது வயசுக்காரர் தோட்டத்துல ஓட்டுற 45 மில்லிமீட்டர் கேஜ் எஞ்சினுக்கும் அதே கதவுதான், பெட்டியில 15 வயசுக்கு மேலன்னு அச்சடிச்சிருந்தாலும் அதைக் கவுண்டர்ல நின்னு புரிய வைக்கிறது உங்க பாடு. இந்த குழப்பத்துலதான் தரகருங்க பொழைக்கிறாங்க. "ட்யூட்டி எல்லாம் சேத்து"ம்பாங்க, எவ்வளவு ட்யூட்டின்னு பேப்பர் காட்ட மாட்டாங்க. யார் இறக்கித் தந்தாலும் பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸ்ல தாக்கல் பண்ற இறக்குமதிப் பத்திரம்) காப்பி, கடை இன்வாய்ஸ் ரெண்டும் கேளுங்க, அன்னிக்கு வரி எவ்வளவுன்னு சிபிஐசி (மத்திய கஸ்டம்ஸ் வாரியம்) சைட்ல நீங்களே பாத்துக்குங்க. காப்பி கிடையாதுன்னா அட்வான்ஸும் கிடையாது. அப்படி தவணையா பணம் கொடுத்துட்டு ஆறு மாசம் வாட்ஸ்அப்ல "கன்சைன்மென்ட் மும்பை வந்துடுச்சு சார்"னு படிச்சுக்கிட்டு இருக்கிறவங்க எனக்கே நாலஞ்சு பேர் தெரியும்.

பேட்டரி, ரிமோட்னு இன்னொரு வழி இருக்கு, தண்டவாளத்துல கரண்டே வேண்டாம். அது உங்க எஞ்சினைப் பிரிக்கிற வேலை, இப்ப வேண்டாம்.

ஒயர் எல்லாம் போட்டு முடிச்சும் அதே இடத்துல திணறினா எஞ்சினைத் தலைகீழா கவுத்துப் பாருங்க. சக்கரத்துக்குப் பின்னாடி கரண்ட் எடுக்கிற குட்டி கார்பன் பிரஷ் இருக்கும், நடுவுல தண்டவாளத்தைத் தேச்சுக்கிட்டே வர்ற ஷூ இருக்கும், ரெண்டும் தேயற பொருள், தனியா கிடைக்கும். சக்கரத்துல கறுப்பா தார் மாதிரி ஒட்டியிருந்தா ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துணி நனைச்சு துடைங்க. அந்தக் கறுப்பு திரும்பத் திரும்ப வந்தா பெட்டியோட சக்கரம் பிளாஸ்டிக்கா இருக்கும், அதை மட்டும் மெட்டல் சக்கரமா மாத்துங்க, காசு செலவு பண்ணியே ஆகணும்னு இருந்தா அதுல பண்ணலாம்.