கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் மோதலில் பொய்ப் பிரச்சாரம் உண்மையிலேயே பெரிய வேலை செய்ததா?

செய்தது, ஆனால் வெறும் மண்ணில் எதையும் முளைக்க வைக்கவில்லை. 1678 இங்கிலாந்தைப் பாருங்கள். டைட்டஸ் ஓட்ஸ் என்றொரு ஆள், இயேசு சபையினர் (கத்தோலிக்கத் துறவிகள்) இரண்டாம் சார்லஸ் மன்னரைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்று கிளப்பிவிட்டான். முழுக்கக் கட்டுக்கதை. ஆனால் சில கத்தோலிக்கர் மன்னரையும் நாடாளுமன்றத்தையும் வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்த 1605 வெடிமருந்துச் சதி நிஜம், அந்தப் பயம் தலைமுறைகளாக ஊறிக் கிடந்தது. 1666 லண்டன் தீயையும், அது ஒரு ரொட்டிக்கடையில் தொடங்கியது என்று தெரிந்தும், பலர் கத்தோலிக்கர் தலையில்தான் கட்டினார்கள்.

ஓட்ஸின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த மாஜிஸ்திரேட் காட்ஃப்ரே அக்டோபரில் பிணமாகக் கிடந்தார். யார் கொன்றது என்பது இன்றுவரை புதிர். அப்புறம் கேட்கவா வேண்டும்? 1679-ல் அச்சிட முன் அனுமதி கேட்ட அச்சு உரிமச் சட்டமும் காலாவதியாக, துண்டுப் பிரசுரங்கள் குவிந்தன, சதியைப் படம் படமாகப் போட்ட சீட்டுக்கட்டுகூட விற்றது (பொழுதுபோக்குக்கே வெறுப்பு!), போப் உருவபொம்மையை ஊர்வலமாகக் கொண்டுபோய் எரித்தார்கள். சார்லஸின் கத்தோலிக்கத் தம்பி ஜேம்ஸ் அரியணை ஏறுவதைத் தடுக்க நினைத்த அரசியல்வாதிகளுக்கு இது அல்வா மாதிரி. என் கணக்கில் ஓட்ஸைவிடப் பெரிய குற்றவாளிகள் இவர்கள்தான்.

இந்தப் பொய்யால் பலருக்கு மரண தண்டனை. 1681-ல் அயர்லாந்துக் கத்தோலிக்கப் பேராயர் ஆலிவர் பிளங்கெட்டைத் தூக்கிலிட்டார்கள். 1685-ல் ஓட்ஸ் பொய்ச்சாட்சிக்காகச் சவுக்கடி வாங்கினான். ஆனால் லண்டன் தீ நினைவுத்தூணில் 1681-ல் கத்தோலிக்கர்மேல் பழிபோட்டுப் பொறித்த வரி, இடையில் ஒருமுறை நீக்கி மறுபடி பொறிக்கப்பட்டு, கடைசியாகப் போனது 1830-ல்தான்.