பட்டர்கப் பூவில் மாலை கட்டலாமா?

கேள்வி: ஜூன் மாதம் இங்கிலாந்தில் மகள் வீட்டில் இருந்தேன். பக்கத்துப் புல்வெளி முழுக்கப் பட்டர்கப் என்ற மஞ்சள் பூ. பேத்தி அதை என் மோவாய்க்குக் கீழே பிடித்து, "மஞ்சளா மின்னுது, உங்களுக்கு வெண்ணெய் பிடிக்கும் பாட்டி" என்றாள். அப்புறம் காம்பைக் கிள்ளிக் கிள்ளிச் சாமி படத்துக்கு மாலை கட்டினாள். மறுநாள் விரலெல்லாம் கொப்புளம். இது விஷப் பூவா? விதை கொண்டுவந்து இங்கே போட ஆசை.
— ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, காம்பைக் கிள்ளியதுதான் வினை. செடி நசுங்கும்போது அதிலுள்ள ரனன்குலின் என்ற பொருள் உடைந்து புரோட்டோஅனிமோனின் என்ற நஞ்சு உண்டாகிறது. தோலை எரிப்பது அதுதான். முன்காலத்தில் ஐரோப்பாவில் பிச்சைக்காரர்கள் சிலர், பார்ப்பவர் இரங்கட்டும் என்று இந்த இனச் செடிகளின் சாற்றைத் தேய்த்துப் புண் வரவழைத்துக்கொள்வார்களாம். நினைத்தாலே மனம் கனக்கிறது. மாடுகூடப் பச்சைச் செடியை ஒதுக்கிவிட்டுத்தான் மேயும். புல்லோடு அறுத்துக் காயவைத்தால் பயமில்லை. காயக் காய அந்த நஞ்சு அனிமோனினாக மாறிக் காரம் போய்விடும். மாடு இந்தப் பூவைத் தின்பதால்தான் வெண்ணெய் மஞ்சளாகிறது என்று சிலர் சொல்வதுண்டு. மாடே தொடாத பூ வெண்ணெய்க்கு நிறம் தருமா? அந்த மஞ்சள், மாடு மேயும் பசும்புல்லில் உள்ள கரோட்டின் என்ற நிறமியால் வருவது.

இனி அந்தச் சாறு பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணைத் தொட விடாதீர்கள். கொப்புளம் ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மோவாயில் மின்னுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 2011இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அதை விளக்கினார்கள். இதழின் மேல்தோல் கண்ணாடி போல வழவழப்பானது, மஞ்சள் நிறமி அதில்தான் இருக்கிறது. அதன் அடியில் மெல்லிய காற்று இடைவெளி, அதற்கும் கீழே மாவுச்சத்து நிறைந்த அடுக்கு. மேல்தோலின் இரு பக்கமும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் அந்தப் பளபளப்பு. புற ஊதா ஒளியும் திரும்பி வரும். பூச்சிகளின் கண்ணுக்கு அது தெரியும்.

விதை மட்டும் வேண்டாம். அனுமதி இல்லாமல் தென்னாப்பிரிக்காவுக்குள் விதை கொண்டுவருவது குற்றம். நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உறவுக்காரி இருக்கிறாள்: ரனன்குலஸ் மல்டிஃபிடஸ். ஓடைக்கரை, சேற்றுநிலம் எங்கும் இயற்கையாக வளரும், அதே மஞ்சள் இதழ். அடுத்த முறை பேத்தி வரும்போது ஓடைப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டுங்கள். இதன் சாறும் காரம்தான், கிள்ள விடாதீர்கள். புரட்டாசிப் பூசைக்கு மாலை கட்ட நம் வீட்டுச் செண்டுமல்லியே போதும்.