ரோஜா இலைய வெட்டினது யாரு? – கேளுங்க, சொல்றேன்

கேள்வி: என் ரோஜாச் செடியில இலை ஓரமெல்லாம் அரை வட்டம் அரை வட்டமா யாரோ வெட்டின மாதிரி காணோம். ராத்திரி டார்ச் அடிச்சு தேடியும் ஒரு புழு கூட மாட்டல. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்தும் வேண்டாம் டார்ச்சும் வேண்டாம், ஆள் வர்றது பட்டப்பகல்ல. இது இலைவெட்டித் தேனீ வேலைங்க. புழு கடிச்சா ஓரம் கோணல்மாணலா இருக்கும், கீழ எச்சம் கிடக்கும். இது தான் காம்பஸ் வெச்ச மாதிரி வெட்டும். திங்கிறதுக்கும் இல்ல, துண்ட சுருட்டி கால்ல இடுக்கிட்டு பறந்து போய் ஏதாவது குச்சிப் பொந்துல, சுவர் ஓட்டையில திணிச்சு கிண்ணம் மாதிரி பண்ணி, அதுல மகரந்தமும் தேனும் பிசைஞ்சு வெச்சு, மேல ஒரே ஒரு முட்டை போட்டு, இன்னொரு வட்டத் துண்டால மூடிடும், அப்புறம் அதுக்கு முன்னாடி அடுத்த கிண்ணம். ராணி, கூட்டம் எதுவும் கிடையாது, ஒத்த ஆளா எல்லா வேலையும். மகரந்தத்த கால்ல இல்லாம வயித்துக்கு அடியில இருக்குற முடியில அப்பிக்கிட்டு வரும், அத வெச்சே அடையாளம் கண்டுபிடிச்சிடலாம். இலை பாக்க அசிங்கமா இருக்கும் தான், ஆனா செடி சாகாது. நானும் ஒரு வருஷம் புரியாம மருந்து அடிச்சேன், அந்த சீசன் முழுக்க பூப்பக்கம் ஒரு சத்தமும் இல்ல.

கேள்வி: தக்காளிப் பூவுல குண்டா கருப்பு வண்டு ஒண்ணு வந்து பயங்கரமா ரீங்காரம் போடுது. கொட்டுமா?

பதில்: அது வண்டு இல்ல, மரத்த துளைச்சு கூடு கட்டுற தேனீ இனம். ஆணுக்கு கொடுக்கே கிடையாது, பொண்ணு கையில பிடிச்சு அமுக்கினா தான் கொட்டும். அந்த சத்தத்துல தான் விஷயமே இருக்கு. தக்காளி, கத்தரிப் பூவுல மகரந்தம் நுனி வழியா தான் வெளிய கொட்டணும், இது பூவ கெட்டியா பிடிச்சுக்கிட்டு றெக்கைய அசைக்காம தசைய மட்டும் அதிர வெச்சு அத உலுக்கி எடுக்கும். சாதா தேனீக்கு இந்த வித்தை வராது. அதனால விரட்டாதீங்க.

கேள்வி: அந்திமந்தாரை பூக்குற நேரத்துல தேன்சிட்டு மாதிரி ஒண்ணு அந்தரத்துல நின்னு தேன் குடிக்குது, உட்காரவே மாட்டேங்குது. என்ன பறவை?

பதில்: பருந்து அந்துப்பூச்சியா இருக்கும், நல்லா பாருங்க, அலகு இருக்க வேண்டிய இடத்துல நூல் மாதிரி ஒரு குழல், வேலை முடிஞ்சதும் சுருட்டிக்கும். 1862-ல டார்வின் மடகாஸ்கர் ஆர்க்கிட் ஒண்ண பாத்தாரு, தேன் இருக்குற குழாய் கிட்டத்தட்ட ஒரு அடி நீளம், உடனே இவ்ளோ நீள நாக்கோட ஒரு அந்துப்பூச்சி அங்க இருந்தே ஆகணும்னு எழுதிட்டாரு. அவர் செத்து 20 வருஷத்துக்கு மேல ஆகி, 1903-ல தான் அந்தப் பூச்சிக்கு பேரு வெச்சாங்க.

கேள்வி: லீவுல தோட்டத்துல உட்காந்து படிக்கலாம்னு பாத்தா பத்து பக்கம் கூட நகரல, பூச்சி பாக்கவே நேரம் போகுது.

பதில்: அதுக்கு தான் புத்தகம்! கையில புத்தகம் இருந்தா நாம ஆடாம உட்காருவோம், ஆடாம உட்காந்தா தான் பூச்சி பக்கத்துல வரும். காலையிலன்னா சூரியகாந்தி பக்கம் சேர் போடுங்க, முத்தின பூ கிழக்கப் பாத்தே நிக்கும், சீக்கிரம் சூடாகும், தேனீயும் அங்க தான் முதல்ல வரும். படிக்க கட்டுரை, கவிதை, சின்னச் சிறுகதை இப்படி எடுத்துக்கோங்க, விட்ட இடத்துல பிடிச்சுக்கலாம். துப்பறியும் நாவல் மட்டும் வேணாம். போன வாரம் கொலைகாரன் யாருன்னு தெரியப் போற பக்கத்துல இலைவெட்டி வந்துச்சு, புத்தகத்த அப்படியே சேர்ல வெச்சுட்டு பின்னாடியே போனேன், திரும்பி வந்தா காத்து கடைசிப் பக்கத்த புரட்டி வெச்சிருக்கு.